மார்கழியில் யார் கல்யாணம் பண்ணுவார்கள்?

அந்த மனிதர் ஸ்கூட்டரை மண்டபத்து வாசலில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. அது பாட்டுக்குத் தடதடத்துக்கொண்டிருக்க, உள்ளே பார்த்தபடியே நின்றார்.

ஒரு வியாழக்கிழமைக் காலை. சந்தாபுராவில் அந்தக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் பந்தி போய்க்கொண்டிருந்தது. பந்தி என்றதும் விருந்து என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் ரவை உப்புமா. காவிரித் தண்ணீர்ச் சண்டையில் பெங்களூரு பற்றிக்கொண்ட அந்த டிசம்பரில், குடிசையையும் சட்டி பானையையும் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்த தமிழ்க் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். நடுவில் நான், கையில் கரண்டியோடு.

அவர் மெல்ல உள்ளே வந்து என்னிடம் ஒரு அட்டையை நீட்டினார். பச்சை அட்டை, தங்க நிற எழுத்து. ஒரு பக்கம் உருது, மறுபக்கம் கன்னடம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மண்டபத்தின் பெயர் இருந்தது. நாளும் இருந்தது.

‘‘ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு நிக்காஹ்மா. இந்த மண்டபத்துலதான்’’ என்றார்.

இத்தனை வருட அனுபவத்தில் நான் பேசியதிலேயே முட்டாள்தனமான பேச்சு அப்போது என் வாயிலிருந்து வந்தது.

‘‘பாய், இது மார்கழிங்களே.’’

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘உங்களுக்கு மார்கழி. எங்களுக்கு என்னம்மா?’’

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஈயம் பூசுகிற மாதம்

தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் பிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் என் வீட்டுக்காரர் முருகேசனும் கல்யாணக் கான்ட்ராக்டர்கள். சமையல் அவருடையது. மற்றதெல்லாம், அதாவது ஆள், அறை, தண்ணீர், ஜமுக்காளம், சண்டை, சமாதானம், என்னுடையது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து விவேக் நகரில் குடியேறியவர்கள். பாத்திரங்களை வைக்கச் சந்தாபுராவில் ஒரு கிடங்கு எடுத்திருந்தோம்.

எங்கள் தொழிலுக்குப் பஞ்சாங்கம்தான் முதலாளி. அது நட என்றால் நடப்போம், நில் என்றால் நிற்போம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே மார்கழி என்றால் எங்களுக்குப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற மாதம். கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாளே கிடங்குக்குப் போய்விடுவோம். ஈயக்காரர் குழி வெட்டி, துருத்தி வைத்து, கரி மூட்டுவார். அண்டா சிவந்து வரும்போது நவச்சாரத்தைத் தூவுவார். மூக்கைப் பிடுங்குகிற வெள்ளைப் புகை எழும்பும். ஈயத்தைத் தடவிப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினால் உட்புறம் முழுக்க நிலாவாகிவிடும். அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் மனசு குளிர்ந்துவிடும்.

அந்த வருடமும் அப்படிப் போனவர்கள்தான். பஸ் நின்றுவிட்டது. ஊருக்குள் ஊரடங்கு என்றார்கள். நாங்கள் கிடங்கிலேயே மாட்டிக்கொண்டோம்.

அடுத்த நாள் காலையிலிருந்து ஓசூர் ரோட்டில் ஆட்கள் நடந்து வர ஆரம்பித்தார்கள். மூட்டை, குழந்தை, ஒரு கையில் செருப்பு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். பால் கொண்டுவந்தவரும், தோட்டத்திலிருந்து வாழைக்காய் வெட்டிப் போட்டவரும், பழைய புடவைகளைச் சேர்த்துக்கொண்டு வந்த டீச்சரம்மாவும் கன்னடக்காரர்கள்தான். அதையும் சொல்லாமல் விட்டால் என் கை எழுதாது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. என்னிடம் ஈயம் பூசின அண்டாக்கள் இருக்கின்றன. வேலையில்லாத சமையல்காரர் ஒருவர் வீட்டுக்காரராகவே இருக்கிறார். கிடங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கிறது. மார்கழியில் யார் கல்யாணம் பண்ணுவார்கள்?

மண்டபத்து முதலாளி ரெட்டி, கோலாரில் மகள் வீட்டுக்குப் போனவர், திரும்ப முடியாமல் அங்கேயே இருந்தார். அவர் மனைவியிடம் போய் நின்றேன். ‘‘மார்கழிதானேம்மா, சும்மாதானே கெடக்குது’’ என்றேன். அந்த அம்மாள் பாவம், சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆபீஸ் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் புக்கிங் நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே பருப்பு மூட்டையைச் சாய்த்து வைத்தேன். திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

மண்டபத்தைக் காலால் படிப்பது

நடுவில் ஒரு பழைய கதை. எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், நாங்கள் எடுத்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு நான் ஒதுக்கிய அறை கக்கூஸுக்கு அடுத்த அறை. எனக்கு அது தெரியாது, வரைபடத்தில் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் தாலி கட்டுகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவரைக் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்தோம். அன்றிலிருந்து எந்த மண்டபமானாலும் முதலில் வெறுங்காலோடு முழுக்க நடந்துவிடுவேன். எங்கே ஈரம், எங்கே காற்று, ராத்திரி எழுந்தால் எத்தனை எட்டு நடக்க வேண்டும், எல்லாம் கால் சொல்லிவிடும்.

ரெட்டியின் மண்டபத்தையும் அப்படி நடந்தேன். நடக்க நடக்கத் திட்டம் பொங்கிப் பொங்கி வந்தது. மணமகள் அறையில் மறைவு இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு: கைக்குழந்தைக்காரிகளுக்கு. மணமகன் அறை கீழ்த்தளம், படி ஏற வேண்டாம்: வயதானவர்களுக்கு. மணமேடை பலகை போட்டது, தரையைவிடச் சூடு: குழந்தைகள் அங்கே. சாப்பாட்டுக் கூடத்தைப் புடவைகள் கட்டி குடும்பம் குடும்பமாகப் பிரித்துவிடலாம். நாலு கக்கூஸ் போதாது. பின்னாலிருக்கும் தென்னந்தோப்பில் குழி வெட்டி, சாக்கு மறைப்புக் கட்டி, பெண்கள் பக்கத்துக்கு விளக்கு போட வேண்டும்.

வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைக்கிற வரவேற்பு மேசையை அப்படியே போட்டேன். அதன் மேல் ஒரு நோட்டு. பெயர், எந்த ஊர், எங்கே குடியிருந்தார்கள், யாரைத் தேடுகிறார்கள். தங்கவயலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி யேசுதாஸ் அண்ணன், ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டவர், அந்த மேசையில் உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, காலையிலும் மாலையிலும் எண்ணிப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். அந்த நோட்டால் இரண்டாவது நாளே ஒரு அண்ணனும் தங்கையும் சேர்ந்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அத்தனை பேர் கண்ணீரும் கம்பலையுமாக இருந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். தலைகால் புரியாத சந்தோஷம். முப்பத்தைந்து வயதுவரை நான் கற்றுக்கொண்டதெல்லாம் பணக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டுமே உதவும் என்று நினைத்திருந்தேன். அது இதற்கும் உதவுகிறது என்று தெரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

பச்சையம்மாள் கேட்டது

பச்சையம்மாள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. சித்தாள் வேலை. புருஷன் சாரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். குடிசை எரிந்த அன்று பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் இவர்களைத் தன் சமையலறையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அங்கிருந்து ஒரு லாரி ஷெட். ஷெட்டிலிருந்து பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலிருந்து என்னிடம். ஒவ்வொரு இடத்துக்கும் புருஷனை முதுகில் சுமந்தவள் அவள்தான்.

எல்லாருக்கும் இடம் காட்டிக்கொண்டு வந்தபோது அவள் மட்டும் உட்காரவில்லை.

‘‘யக்கா, இன்னொரு வாட்டி கெளம்புன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடு. நான் ரோட்லயே இருந்துக்கறேன். என்னால இனிமே தூக்க முடியாது’’ என்றாள்.

‘‘பொங்கல் வரைக்கும் உன்னை யாரும் கிளப்ப மாட்டாங்க. நான் பொறுப்பு’’ என்றேன். சும்மா சொல்லவில்லை. அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். அதன் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

இப்போது புரிகிறதா, பச்சை அட்டையைப் பார்த்ததும் நான் ஏன் அப்படி உளறினேன் என்று?

பாயும் நானும்

அவர் பெயர் அன்வர் பாய். ஆனேக்கல்லில் சைக்கிள் கடை. நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு நல்லவராக இருக்க அவருக்கு நேரமில்லை. ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் கோலார்க்காரர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கொஞ்சம் கறார்ப் பேர்வழி. ஏற்கெனவே ஒருமுறை நாள் தள்ளிப்போயிருக்கிறது. இந்த ஞாயிறும் நடக்காவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடும் என்றார். பருப்பு மூட்டையை நகர்த்தி நோட்டை எடுத்துப் பார்த்தேன். ரெட்டியின் கையெழுத்தில் அவர் பெயர் அழகாக இருந்தது.

அவர் ஒரு வழியும் சொன்னார். அத்திப்பள்ளியில் தெரிந்தவரின் கிடங்கு ஒன்று இருக்கிறது. லாரி அனுப்புகிறேன், மூன்று நாள் எல்லாரும் அங்கே இருக்கட்டும், திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். நியாயமான பேச்சு. என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மூன்று நாள்தானே வசந்தா என்றார்.

மூன்று நாள்தான். சொல்வதற்கு எவ்வளவு சுலபம். நான் பச்சையம்மாளிடம் சொல்லப் போனேன். என்னவென்று சொல்வது என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

சொல்லத் தேவை இருக்கவில்லை. விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் புடவைத் தடுப்பை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, புருஷனின் கட்டுப்போட்ட காலுக்கு அடியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள், தூக்கும்போது இடிக்காமல் இருக்க. என்னைப் பார்த்துக் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவே இல்லை. ‘‘லாரி எப்ப வருதுக்கா?’’ என்று மட்டும் கேட்டாள்.

நான் திரும்பி வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். பாய் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

‘‘பாய், உங்களுக்கு சமையல் யாரு?’’ என்று கேட்டேன்.

அந்த ஒரு கேள்வியில் மனிதர் தளர்ந்துபோனார். சிவாஜி நகரிலிருந்து பிரியாணி உஸ்தாத் வருகிறேன் என்றிருக்கிறாராம், ஆனால் தனியாக. அவருடைய உதவியாட்கள் ஊரடங்குக்குப் பயந்து வரமாட்டேன் என்றுவிட்டார்கள். பாத்திர வாடகைக் கடை பூட்டிக் கிடக்கிறது. பரிமாற ஆள் இல்லை, தண்ணீர் தூக்க ஆள் இல்லை, பந்தல் போட ஆள் இல்லை. மண்டபம் இருந்தும் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று தெரியாமல்தான் அவர் காலையில் கிளம்பி வந்திருக்கிறார்.

எனக்கு இரண்டு கைகளையும் தட்ட வேண்டும் போல் இருந்தது.

‘‘உங்க கல்யாணத்தை நான் நடத்தித் தரேன். பாத்திரம் என்னோடது. ஆளு இருநூறு பேர் உள்ள இருக்காங்க. ஆனா இவங்க ஒருத்தரும் இடம் மாற மாட்டாங்க.’’

அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னோடு உள்ளே நடந்தார். நான் காட்டிக்கொண்டே போனேன். பெரிய ஹாலில் நிக்காஹ். மணமேடைக் குழந்தைகள் ஒரு பகல் மாடிக்குப் போகட்டும். மணமகள் அறை உங்கள் மகளுக்கு. கைக்குழந்தைக்காரிகள் அங்கேயே அவளோடு இருப்பார்கள், பெண்கள்தானே. சாப்பாடு பின்னால் தென்னந்தோப்பில், பந்தல் போட்டு. சாக்கு மறைப்புகளை இன்னும் தள்ளிக் கட்டிவிடுகிறேன். சாப்பாட்டுக் கூடத்தை யாரும் தொட வேண்டாம், அது இவர்கள் வீடு.

கடைசியில் அவர் சொன்னது ஒன்றுதான். மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம் பாய் என்றேன்.

எங்கள் அண்டா

முருகேசன் அதிகம் பேசமாட்டார். அன்று சாயங்காலம் கிடங்கு வாசலில் உட்கார்ந்து அண்டாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகச் சைவச் சமையல் தவிர வேறு காணாத பாத்திரங்கள். ‘‘இதுலயா கறி?’’ என்று கேட்டார்.

எனக்கும் அதே பயம்தான். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் தைக்கு ஒரு முகூர்த்தம் நிற்காது. வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றேன். அவர் எழுந்து, இருப்பதிலேயே பெரிய அண்டாவைத் தானே மண்டபத்துக்கு உருட்டிக்கொண்டு போனார். மறுபடி ஈயம் பூசிக்கொள்ளலாம் என்றார்.

சனிக்கிழமை உஸ்தாத் வந்து சேர்ந்தார். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்து, விரலால் தட்டி, ஈயத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். இரண்டு சமையல்காரர்களுக்கும் பொது மொழி என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் அரை மணியில் ஒரு பீடியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சாரம் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கும்போது பந்தலுக்கு வெளியாள் எதற்கு? இரண்டு மணி நேரத்தில் தென்னந்தோப்பில் பந்தல் நின்றது. சித்தாள் பெண்கள் வரிசை பிடித்துத் தண்ணீரைக் கைமாற்றினார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். வெங்காயம் உரித்த பெண்கள் ஒரு வாரமாக அழுது தீராத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே. யேசுதாஸ் அண்ணன் வேலைக்கெல்லாம் ஷிப்ட் போட்டுப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். காலில் சக்கரம்தான்.

பச்சையம்மாள் மட்டும் எதிலும் சேரவில்லை. புடவைத் தடுப்பைத் திரும்பக் கட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் முகம் சுளித்தால் லாரி வரும் என்று அவளுக்கு நிச்சயம். அவளைத் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

கோலாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பிடித்த வாடகை பஸ் பதினோரு மணிக்கு வந்தது. அன்வர் பாய் புது ஷெர்வானியில் வாசலில் நின்றார். மாப்பிள்ளை இறங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாகப் பெரியப்பா இறங்கினார்.

மண்டபத்து வாசலில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். உள்ளேயே இருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்? கல்யாணம் என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? தானமாக வந்த சட்டைகள், அளவு பொருந்தாத ரவிக்கைகள், செருப்பில்லாத கால்கள். முன்வரிசையில் பச்சையம்மாள், இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டு.

பெரியப்பா நின்றார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எல்லாரையும் பார்த்தார். பிறகு கைத்தடியை நீட்டி, இந்த ஜனங்கள் யார் என்று உருதுவில் பாயிடம் கேட்டார். அந்தக் கேள்வி எல்லாருக்குமே புரிந்தது. பச்சையம்மாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர ஆரம்பித்தாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அன்வர் பாய் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவருக்கு உருது வீட்டு மொழி, பெரியவர் கேட்டதும் உருதுவில்தான். அவர் பதில் சொன்னது தமிழில், தெருக்கோடிவரை கேட்கிற குரலில்.

‘‘பொண்ணு வீட்டு ஆளுங்க.’’

பெரியவருக்கு அவ்வளவு தமிழ் தெரிந்திருந்தது. மறுபடியும் ஒருமுறை எல்லாரையும் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அங்கே போட்டிருந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, கைத்தடியால் தரையைத் தட்டி, எந்த ஊர் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கிற குரலில், அரைகுறைத் தமிழில் கேட்டார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஒருத்தரும் இல்லையா?

ஒரு வாரமாக எல்லாரிடமும் கைநீட்டி வாங்கிக்கொண்டிருந்தவள் பச்சையம்மாள். பிள்ளைகளின் கையை விட்டாள். மேசையிலிருந்த கூஜாவை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். பெரியவருக்கு டம்ளர் நிரம்ப ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்று, இன்னொரு டம்ளரும் ஊற்றினாள்.

அப்புறம் திரும்பி, வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

‘‘இன்னாக்கா நின்னுகினு கீற? மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க இல்ல? போய் எலையப் போடு.’’